குடியாத்தம் லுங்கியை வாட்ஸ்அப்பில் விற்பது எப்படி

வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு, தெருவில் போகிறவர்தான் வாடிக்கையாளர். குடியாத்தத்தில் வீட்டோடு தறி வைத்திருப்பவருக்கும், ஆரணியில் பத்து பட்டுப்புடவை வாங்கி வைத்து விற்பவருக்கும், ஆற்காட்டில் வீட்டிலேயே மக்கன் பேடா என்ற இனிப்பு போடுகிறவருக்கும் அப்படி ஒரு தெரு கிடையாது. அவர்களுக்குத் தெரு என்றால் போன்தான். அந்தத் தெருவில் கடை போடுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இடம் நம்முடையது அல்ல, என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள்.

ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2004 ஜனவரியில் வந்தது. ஊரே அதில் இருந்தது. 2014 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். டிக்டாக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள், 2020 ஜூன் 29 அன்று தடை அறிவிப்பு வந்ததும் சேர்த்ததையெல்லாம் ஒரே ராத்திரியில் இழந்தார்கள். ஃபேஸ்புக் 2004ல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கி, 2006 செப்டம்பரில்தான் எல்லாருக்கும் கதவைத் திறந்தது. வாட்ஸ்அப் 2009, இன்ஸ்டாகிராம் 2010. ஆனால் இவையெல்லாம் தறிக்கூடம் வரை வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான். இனி எது வரும், எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை போனில் இல்லை, நோட்டில்.

நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வரிக்கு ஒரு வாடிக்கையாளர்: பெயர், போன் நம்பர், ஊர், பின்கோடு, என்ன வாங்கினார், தேதி. கடைசிக் கட்டத்தில், 'புது சரக்கு வந்தால் மெசேஜ் அனுப்பலாமா?' என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில். வேண்டாம் என்றவருக்கு அனுப்பக் கூடாது. தாராளமாக அனுப்பினால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறோம்.

யாருக்கு எந்தச் செயலி

எல்லாவற்றிலும் கணக்கு தொடங்கி எதையும் கவனிக்காமல் விடுவதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தப்பு. உங்களிடம் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வளைகுடாவில் ஆள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் சொல்வார், சரக்கு இங்கே வீட்டுக்குப் போகும். காட்பாடி விஐடி மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரரைப் பிடிக்க ஃபேஸ்புக். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளம், ஜார்கண்ட் ஆட்கள் ஊருக்குக் கிளம்புமுன் துணி வாங்குவார்கள். அவர்களுக்காக விலைப்பட்டியலில் இந்தியிலோ வங்காளியிலோ ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆள் ஒருவர்தான் என்றால் கடைக்காரர்களுக்கான தனிச் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும் போதும். மற்ற இரண்டும் அதற்கு வழிகாட்டும் பலகைகள். ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கில் விற்காதீர்கள். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேராது. தனியாகப் பேஜ் தொடங்கி, வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரையும் அட்மினாகப் போடுங்கள். உங்கள் கணக்கு முடங்கினாலும் பேஜ் அநாதையாகாது. இன்ஸ்டாவில் செட்டிங்ஸ் போய் 'புரொஃபஷனல்' கணக்காக மாற்றுங்கள், காசு கிடையாது.

வாட்ஸ்அப் பிசினஸ்

சாதா வாட்ஸ்அப்பையும் பிசினஸையும் ஒரே நம்பரில் ஒரே சமயத்தில் ஓட்ட முடியாது. சொந்தக்காரர்கள் கும்பலாக இருக்கும் பழைய நம்பரைத் தொடாதீர்கள். இரண்டாவது சிம்மில் கடை நம்பர் வையுங்கள். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதிலும் திறக்கலாம், எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பில் 6 இலக்க எண்ணைச் சொல்வார்கள்.

திறந்ததும் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் 6 இலக்க பின் வைத்து, மீட்க ஒரு ஈமெயிலும் கொடுங்கள். இதைச் செய்யாமல் கேட்லாக், அதாவது படத்தோடு பொருள் பட்டியல், போட உட்காராதீர்கள். 'அண்ணா, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் வந்துருச்சு, கொஞ்சம் சொல்லுங்க' என்று தெரிந்தவர் பெயரிலேயே மெசேஜ் வரும். சொன்னால் அடுத்த நிமிடம் உங்கள் கடை நம்பர் அவன் போனில் ஓடும். உங்கள் வாடிக்கையாளரிடம் உங்கள் பெயரிலேயே பணம் கேட்பான். பின் வைத்திருந்தால் கோட் மட்டும் அவனுக்குப் போதாது.

கேட்லாக்கில் 500 பொருள் வரை போடலாம், ஒன்றுக்கு 10 படம் வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுங்கள்: எல் 12, எல் 13 என்று. அதே நம்பரை லுங்கியின் மடிப்பில் சின்னச் சீட்டாக ஒட்டுங்கள். 'அந்த நீலக் கட்டம் போட்டது' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு வேறு நீலக் கட்டத்தை அனுப்புவது இந்த ஒரு சீட்டு இல்லாததால்தான்.

முதல் மெசேஜுக்குத் தானாகப் போகும் பதிலை இப்படி வைக்கலாம்: 'வணக்கம். கடை நேரம் காலை 9 முதல் இரவு 8 வரை. பொருள் நம்பரையும் உங்கள் பின்கோடையும் அனுப்புங்கள், கூரியரோடு சேர்த்து மொத்த விலை சொல்கிறோம்.' அளவு, துவைக்கும் முறை, கூரியர் விவரம் என்று திரும்பத் திரும்பக் கேட்பவற்றை 'குவிக் ரிப்ளை'யில் போட்டு வையுங்கள். பிசினஸ் டூல்ஸில் 'ஷார்ட் லிங்க்' என்று ஒன்று கிடைக்கும். அதை இன்ஸ்டா பயோவிலும் ஃபேஸ்புக் பேஜிலும் ஒட்டினால், தொட்டவுடன் நேராக உங்கள் சாட்டுக்கு வந்துவிடுவார்கள்.

படம்

விற்பதும் விற்காததும் இங்கேதான் தீர்மானமாகிறது. லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள்; கை எண்ணெய் படிந்த லென்ஸில் எடுத்த படம் பனிமூட்டம் போல இருக்கும். காலை 8 முதல் 10 வரை, இல்லாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல், திண்ணையிலோ வராண்டாவிலோ நிழலில் விரித்து எடுங்கள். வேலூர் மத்தியான வெயிலில் வெள்ளை நூல் வெளிறிப்போய் கட்டமே தெரியாது. டியூப்லைட்டில் சரிகை பச்சையடிக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஒரு லுங்கிக்கு நான்கு படம்: முழுசாக விரித்தது, கரை மட்டும் கிட்டத்தில், மடித்து அட்டை வைத்தது, பக்கத்தில் இன்ச் டேப் வைத்தது. விரித்த படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் லுங்கியின் நிறமும் அவ்வளவு மாறியிருக்கிறது என்று பொருள். வேறு வெளிச்சத்தில் திரும்ப எடுங்கள்.

அரக்குச் சிவப்பைப் போன் தக்காளிச் சிவப்பாகக் காட்டும். ஆரணிப் பட்டில் மயில் கழுத்துக் கலர் இதைவிட மோசம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் பார்க்கும் பக்கத்துக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறும். நீலமாகத் தெரிந்த படத்தைப் பார்த்து வாங்கியவருக்குப் பச்சை வந்ததுபோல் இருக்கும். அப்படிப்பட்ட புடவைக்குப் படத்தை நம்பாதீர்கள். முந்தானையைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பி 15 நொடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். 'ரெண்டு கலரும் தெரியும், சரிதானே அக்கா?' என்று கேட்டு, 'சரி' என்ற பதில் வந்த பிறகு பணம் வாங்குங்கள். அந்தச் 'சரி'தான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மேலே இருக்கும் எச்டி பட்டனைத் தொட்டு அனுப்பினால் கரை நூல் தெரியும்.

எழுதுவது

'விலைக்கு இன்பாக்ஸ் வாங்க' என்று போடுபவரிடம் பாதிப் பேர் வரமாட்டார்கள். விலையை மறைப்பவர் ஆளுக்கு ஒரு விலை சொல்வார் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள், பல சமயம் அது உண்மையும்கூட. இப்படி எழுதுங்கள்:

'எல் 12. குடியாத்தம் கைத்தறி லுங்கி, முழுக் காட்டன். நீளம் 2 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். மூட்டாதது. விலை 350 ரூபாய், கூரியர் தனி. முதல் இரண்டு துவையல் தனியாக, நிழலில் உலர்த்தவும்.'

350 என்பது உதாரணத்துக்கு. மூட்டியதா மூட்டாததா என்று எழுத மறந்தால் திரும்பி வரும் சரக்கில் பாதி அதனால்தான் இருக்கும். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று போடாதீர்கள். கமெண்டில் குடியாத்தத்துக்காரர் ஒருவரே வந்து மானத்தை வாங்கிவிடுவார். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் செய்த தேதியும் கட்டாயம்.

அனுப்புவது

குரூப் தொடங்காதீர்கள். ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரியும். பெண் வாடிக்கையாளர்கள் இரண்டு நாளில் வெளியேறுவார்கள், பக்கத்துக் கடைக்காரர் உள்ளே வந்து உங்கள் ஆட்களின் நம்பரை எடுத்துக்கொள்வார். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள்; ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒன்றில் 256 பேர் வரை. அனுப்பியும் யாரும் பார்க்கவில்லையே என்று பலர் குழம்புவதற்குக் காரணம் ஒன்றுதான்: உங்கள் நம்பரை அவர் தன் போனில் சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் அவருக்குப் போய்ச் சேரும். அதனால் முதல் விற்பனையிலேயே 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று சொல்லிவிடுங்கள், பில்லிலும் எழுதுங்கள்.

வாரம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தினமும் அனுப்பினால் பிளாக் செய்வார்கள், ரிப்போர்ட் அடிப்பார்கள். அது கூடினால் வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிவிடும். தினசரி சரக்குக்கு ஸ்டேட்டஸ் இருக்கிறது, 24 மணி நேரத்தில் தானாக மறையும், யாருக்கும் தொந்தரவு இல்லை.

கடை நம்பரிலிருந்து வேறு எதையும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம், குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஊரார் அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். இருநூறு பேர் நம்பி வைத்திருக்கும் கடை நம்பர் கிட்டத்தட்ட ஒரு பத்திரிகை. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அதை அங்கேயே விடுங்கள்.

பணம்

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. யூபிஐயில் பணம் போனது போல் படம் காட்டவே போலிச் செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

இந்த மாவட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய மோசடி ஒன்று உண்டு. 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், கேம்ப்புக்கு இருபது லுங்கி வேண்டும்' என்று ஆரம்பிப்பான். அடையாள அட்டைப் படம் அனுப்புவான். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்களைக் கொண்ட வேலூரில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் அவனுக்கு வசதி. விலை பேச மாட்டான், சரக்கைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டான். கடைசியில் ஒரு க்யூஆர் கோட் அனுப்பி, 'ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துரும்' என்பான். பணம் வாங்க பின் தேவையே இல்லை. இப்படிப் பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் ஃபைல் வந்தாலும் திறக்காதீர்கள். போனுக்குள் புகுந்து ஓடிபியைப் படிக்கும்.

பணம் போய்விட்டால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இருக்கும், தயாராக வையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

பார்சல்

எடைபோட்டுக் காட்டி, மூடி ஒட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். முகவரியின் மேல் அகலமான டேப் ஒட்டினால் மழையில் மை கரையாது. மக்கன் பேடாவைப் பாகோடு அனுப்பக் கூடாது. வடித்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, அதை இன்னொரு கவரில் போடுங்கள். ஒழுகினால் அதே மூட்டையில் இருக்கும் மற்றவர் பார்சலும் சேர்ந்து கெடும். டிராக்கிங் நம்பரை அவர் கேட்பதற்கு முன் நீங்களே அனுப்புங்கள்.

கடை சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் நம்பர் ரத்தாகி வேறொருவருக்குப் போகும்; உங்கள் பில்லைப் பார்த்து லுங்கி கேட்டு அவருக்குத்தான் போன் போகும்.