முத்தை விற்காதீர்கள்: அனிமல் கிராசிங் தீவில் கடலில் இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் என் தங்கை மகள், ஒரு தீவில் குடியேறி வாழும் நிண்டெண்டோ காணொளி விளையாட்டான 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' ஆடத் தொடங்கினாள். கடல் விஷயத்தில் நான் 2020இல் செய்த தவறுகளையே அவளும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் நீந்தலாம் என்பதை விளையாட்டே சொல்லிவிடும். அது சொல்லாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புதுப்பிக்காமல் நீச்சலைத் தேடுவது

2020 மார்ச் 20 அன்று இந்த விளையாட்டு வெளியானபோது அதில் நீச்சல் கிடையாது. ஜூலை 3 அன்று வந்த 1.3.0 இலவசப் புதுப்பிப்பில்தான் நீந்துவதும் மூழ்குவதும் சேர்ந்தன. ஆகவே பழைய கார்ட்ரிட்ஜை வாங்கி இணையத்தில் இணைக்காமல் ஆடுபவர்கள், தங்கள் தீவு இன்னும் போதுமான அளவு வளரவில்லை என்று எண்ணி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வேண்டியது வளர்ச்சியன்று, புதுப்பிப்பு.

வெட் சூட் வாங்குவதைத் தள்ளிப்போடுவது

கடலில் நீந்த இந்த நீச்சலுடை வேண்டும். தீவின் நூக்ஸ் கிரானி கடையில் 3,000 பெல்ஸ் (விளையாட்டின் நாணயம்), அல்லது நூக் ஸ்டாப் எந்திரத்தில் 800 மைல்ஸ் (விளையாட்டில் சேரும் புள்ளிகள்), உடனே வாங்குங்கள்.

மூழ்கிய பின் தேடுவது

மூச்சு சிறிது நேரமே தாங்கும். நீர்ப்பரப்பில் குமிழிகள் எழும் இடம் வரை மேலாகவே நீந்திச் சென்று, அதற்கு நேர் மேலே வந்த பிறகு மூழ்குங்கள்.

முத்தை விற்பது

இதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஓரிரவு பத்து மணிக்கு மேல், கடை மூடிய பிறகு, தங்கை மகள் தன் முதல் முத்தை எடுத்தாள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் கடை வாசலில் இருக்கும் பெட்டியில் அதைப் போட்டுவிட்டாள். கடைக்குள் 10,000 பெல்ஸுக்குப் போகும் முத்துக்கு அந்தப் பெட்டி ஐந்தில் நான்கு பங்கு விலைதான் தரும் என்பதால் அவளுக்கு 8,000 மட்டுமே கிடைத்தது. "டாம் நூக்கின் கடனை அடைக்கணும் மாமா" என்றாள்.

தீவில் நமக்கு வீடு கட்டித் தருபவர் டாம் நூக். அந்த வீட்டுக் கடனுக்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. பத்து மாதம் கழித்துக் கட்டினாலும் டாம் நூக் ஒரு சொல் கேட்கமாட்டார். முத்தோ கடலடியில் அரிதாகத்தான் அகப்படும். நானும் முதல் கோடையில் 198,000 பெல்ஸ் கடனுக்காக ஐந்து முத்துகளை விற்றேன். பிறகு ஒருநாள் ஸ்காலப் சிப்பியை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது, பாஸ்கல் என்னும் செந்நிறக் கடல் நீர்நாய் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடற்கன்னி வரிசை அறைகலன் ஒன்றின் செய்முறைக் குறிப்பைத் தந்தது. அதற்கு வேண்டிய சங்குகள் கையில் இருந்தன, முத்து இல்லை. விற்றதை ஈடுகட்ட எனக்குப் பல வாரங்கள் ஆயின.

பணம் வேண்டுமென்றால் கடலிலேயே வேறு வழி இருக்கிறது: சிலந்தி நண்டு 12,000, ராட்சதச் சிப்பி 15,000. இரண்டும் முத்தைவிட விலை கூடியவை. அருங்காட்சியகத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டால் மற்றவற்றைத் தயங்காமல் விற்கலாம். முத்தை மட்டும் வீட்டுச் சேமிப்பில் போட்டுவையுங்கள்.

ஸ்காலப்பைக் கடைக்கே கொண்டுபோவது

அதன் விலை 1,200 பெல்ஸ்தான், ஆனால் பாஸ்கலுக்குக் கொடுத்தால் குறிப்போ, கடற்கன்னி உடையோ, முத்தோ கிடைக்கும். பாஸ்கல் நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், அன்றைய முதல் ஸ்காலப் அதற்கே.

முதல் உயிரியை விற்பது

ஒவ்வொரு வகையிலும் முதலில் கிடைப்பதை அருங்காட்சியகத்தை நடத்தும் ஆந்தையான பிளாதர்ஸிடம் கொடுங்கள். மூழ்கிப் பிடிக்கும் கடல் உயிரிகள் மொத்தம் 40 வகை.

மாதத்தைப் பார்க்காமல் தேடுவது

வட அரைக்கோளத் தீவில் சிலந்தி நண்டு மார்ச், ஏப்ரல் இரு மாதங்களில் மட்டும் கிடைக்கும். ராட்சதச் சிப்பி மே முதல் செப்டம்பர் வரை. இந்தச் சிப்பியின் பெரிய நிழல் பாய்ந்து ஓடும். நடுக்கடலில் துரத்தினால் மூச்சுதான் தீரும். மிதவைகள் கட்டிய எல்லைக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கினால் அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே சிக்கும். தங்கை மகள் அப்படித்தான் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒன்றைப் பிடித்தாள், அதை விற்றுக் கடனில் 15,000 கட்டினாள்.