இடம் இருந்தும் இடமில்லை என்றது கிளஸ்டர்

கிளஸ்டரில் வேலைகளை முறைப்படி ஓடவிடும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசையில் இரவு போட்ட வேலை, காலையில் பார்த்தால் மூன்றாவது நிமிடத்திலேயே செத்துக் கிடந்தது. பதிவுக் கோப்பின் கடைசி வரி: ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’, அதாவது வட்டில் ஒதுக்கிய வரம்பு தாண்டிவிட்டது. பல்கலைக்கழகக் கிளஸ்டரில், அதாவது பலரும் பகிரும் கணினித் தொகுப்பில், எனக்கு 1 டெராபைட் சேமிப்பிடம் உண்டு. நான் பயன்படுத்தியதோ 300 ஜிகாபைட்கூட இல்லை.

சரி என்று பழைய முடிவுக் கோப்புகள் ஆறை அழித்தேன். 80 ஜிகாபைட் காலியானது. மறுபடியும் அதே பிழை.

அப்புறம்தான் வரம்பையும் பயன்பாட்டையும் சொல்லும் ‘எல்எஃப்எஸ் கோட்டா’ கட்டளை காட்டியதை வலது ஓரம்வரை படித்தேன். கிலோபைட் கணக்கைத் தாண்டி ‘ஃபைல்ஸ்’ (கோப்புகள்) என்று இன்னொரு நெடுவரிசை. அதன் எண்ணுக்குப் பக்கத்தில், வரம்பு மீறியதைக் காட்டும் ஒரு நட்சத்திரக் குறி. கிளஸ்டரின் கோப்பு முறைமையான லஸ்டரில் அளவுக்கு ஒரு வரம்பு, கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு. எனக்கு 5 லட்சம். இலைப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்ததே 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மிச்சத்தை மூன்று கோண்டா சூழல்கள் (நிரல்கள் ஓடத் தேவையான மென்பொருள்களின் தொகுப்புகள்) தின்றிருந்தன.

பல கோப்புகளை ஒரே கோப்பாக்கும் டார் கட்டலாம் என்றால், புதுக் கோப்பு உருவாக்கவே வழியில்லை! முதலில் பயன்படாத கோண்டா சூழல் ஒன்றைத் தூக்கினேன். பிறகு படத்துண்டுகளை முப்பது டார் கோப்புகளாகக் கட்டினேன். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியது என்பதால் ஜிசிப் சுருக்கம் போடவில்லை. இப்போது வேலை தொடங்கியதும் ஸ்கிரிப்ட் அவற்றைக் வேலை ஓடும் கணினியான கணுவின் உள்வட்டுக்கு நகலெடுத்து அங்கேயே பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டைத் திறக்கவும் கோப்பு விவரங்களை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. நாற்பது நிமிடச் சுற்று பன்னிரண்டில் முடிகிறது.