ஆச்சி "வீட்டுக்குப் போவோம்" என்று கேட்டால்

மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு முதலில் சாயங்காலத்தைப் பற்றித்தான் சொல்லணும். எங்க ஆச்சி பகலெல்லாம் சும்மா இருப்பாள், 5 மணி ஆனதும் வாசலுக்கு வந்து "எய்யா, பொழுது அடைஞ்சிட்டுல்லா, வீட்டுக்குப் போவோம்" என்பாள். பாளையங்கோட்டையில் 40 வருஷமாக அவள் இருக்கிற வீட்டின் வாசல் அது. அவள் கேட்பது கல்லிடைக்குறிச்சியில் பிறந்த வீட்டை.

"இதுதான் உங்க வீடு" என்று ஆறு மாசம் வாதாடினேன், அழுகையும் கோபமும்தான் மிச்சம். தயவுசெய்து வாதாடாதீர்கள். பசி, அசதி, ஒண்ணுக்கு முட்டுவது, பயம், இதில் எது இருந்தாலும் வாயில் வருவது வீடுதான், அதனால் முதலில் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு காப்பி கொடுங்கள், அப்புறம் "அந்த வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க ஆச்சி?" என்று கேளுங்கள். எங்க ஆச்சி தாமிரபரணிப் படித்துறை வரைக்கும் பேசிக்கொண்டே போய்விடுவாள். அடங்கவில்லையென்றால் கையைப் பிடித்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், திரும்பி வந்ததும் "வீடு வந்துட்டு" என்று அவர்களே சொல்வதும் உண்டு. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள், நிழலைப் பார்த்தாலே மிரள்வார்கள்.

குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால் ஷவரை விடுங்கள். ஆற்றில் குளித்து வளர்ந்தவளுக்குத் தலைக்கு மேலிருந்து கொட்டும் தண்ணீர் பயம். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, செம்பை அவள் கையில் கொடுத்தோம், அவளே ஊற்றிக்கொண்டாள்.

வெளியே நடந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து, நம்ம பக்கம் கிணறும் வாய்க்காலும் ஆறும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. கொண்டியைக் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள், ஆனால் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது. ஜாக்கெட்டின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். பால்காரர், தெருமுனைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரிடமும் வெட்கப்படாமல் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். காணவில்லையென்றால் தண்ணீர் இருக்கும் பக்கம் முதலில் ஓடுங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் 112 என்ற அவசர எண்ணுக்கு அடிக்கட்டும்.

வயசானா மறதி வரத்தான் செய்யும் என்று விட்டுவிடாமல் தொடக்கத்திலேயே டாக்டரிடம் காட்டுங்கள், பி12 குறைவாலோ தைராய்டாலோ வந்த மறதி மருந்தில் தேறலாம். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், புது மாத்திரையாகவும் இருக்கலாம், அன்றைக்கே காட்டணும். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோகலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் உடம்பு இருக்கிறது. எங்க வீட்டில் அம்மா ராத்திரி தூங்காமல் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சென்னையில் இருக்கிற அண்ணன் பணம் அனுப்பினால் போதாது, மாசம் நாலு நாள் வந்து இருக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் தேதி குறித்தே கேளுங்கள். மனசு தாங்காத ராத்திரியில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அடித்துப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.