சிறுநீரக மாற்று ஒருங்கிணைப்புச் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கட்டாயமானார். பல இடங்களில் அப்பொறுப்பை ஏற்பவர் செவிலியரே. அவர் பணியில் நேரும் தவறுகள் அறுவை அரங்கில் தென்படுவதில்லை. அதற்கு முந்தைய காத்திருப்பிலும் பிந்தைய கண்காணிப்பிலும்தான் அவை ஒளிந்திருக்கின்றன.

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான ட்ரான்ஸ்டானில் நோயாளியின் பெயரைப் பதிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவது முதல் தவறு. வேறோர் ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிக்கு இரத்தசோகைக்காக அங்கேயே இரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதனால் அவர் உடலில் பிறர் உறுப்பைத் தாக்கும் புதிய எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம் என்பதால், முன்பு எடுத்து வைத்த சீரம் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) மாதிரியைக் கொண்டு பொருத்தம் பார்ப்பது தவறான நம்பிக்கையையே தரும். ஆகவே இரத்தம் ஏற்றப்பட்டதா, காய்ச்சலோ புண்ணோ உண்டா, தொலைபேசி எண் மாறியதா என்று குறித்த இடைவெளியில் செவிலியரே கேட்டறிய வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்தைக் குளிர்நிலையில் நெடுநேரம் வைத்திருக்க முடியாது. நள்ளிரவு அழைப்பை எடுக்காதவரின் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

உயிருள்ள கொடையாளரைக் குடும்பத்தார் முன்னிலையில் மட்டும் வைத்துப் பேசுவது இன்னொரு பிழை. மனைவியோ தாயோ கொடுக்க முன்வரும்போது, அது விருப்பமா வற்புறுத்தலா என்பது தனியறையில்தான் தெரியவரும். கொடுத்தவரை அறுவைக்குப் பின் மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அவருக்கும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும்.

மாற்றுக்குப் பிந்தைய தவறுகளில் மிகுதியானவை, உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சுற்றியே அமைகின்றன. அதன் இரத்த அளவை, முந்தைய வேளை மாத்திரை உண்டு ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, அடுத்ததை உண்ணுமுன் பார்க்க வேண்டும். ஆனால் "நாளைக் காலை வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், நோயாளி உணவைத் தவிர்ப்பார். மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டு வருவார். அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைத்தால், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கும் அபாயம் பிறக்கும். இதில் நோயாளியைக் குறைகூறுவது நியாயமன்று. மாத்திரையைக் கையில் கொண்டு வரச் சொல்லி, கடைசியாக உண்ட நேரத்தை இரத்த மாதிரியுடன் எழுதுவதே வழி.

பிற மருத்துவர்கள் தரும் மருந்துகளை விசாரியாமல் விடுவதும் அதற்கு இணையான தவறே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவைக் கடுமையாகக் குறைக்கும். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோலும், ஏன், பம்பளிமாஸ் பழமும்கூட அதை உயர்த்தும். வயிற்றுப்போக்கின்போதும் அளவு ஏறுவதுண்டு. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையே தாக்கும். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபீனோலேட் கருவுக்குத் தீங்கானது என்பதால், அதை உண்ணும் இளம்பெண்ணிடம், கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளும்படி, கூச்சப்படாமல் கூறிவிட வேண்டும்.

காய்ச்சல் என்று தொலைபேசியில் சொல்பவருக்கு "பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள், நாளை பார்க்கலாம்" என்று பதிலளிக்கக் கூடாது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலில் கடும் தொற்றும் லேசான காய்ச்சலாகவே தொடங்கக்கூடும் என்பதால், அவரை அன்றே வரவழைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.