பூனையைக் காணோமா? முதலில் பக்கத்துக் கொட்டகையைப் பாருங்கள்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் வெளியே சுற்றும் பூனையைக் காணோம் என்றால் உடனே “எவனோ பிடிச்சிட்டுப் போயிட்டான்” என்பார்கள். அதுவும் நடக்கலாம்; ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. கடுவன் பூனை பெட்டையைத் தேடி முந்திரித் தோப்பைத் தாண்டியும் போகும், சில நாள் கழித்துக் காது கிழிந்து வந்து நிற்கும். கருத்தடை செய்தால் இந்த ஊர்சுற்றல் நன்றாகக் குறையும். ஐந்தாறு மாதக் குட்டியிலேயே செய்யலாம், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

அடிபட்ட பூனை, நாய் துரத்திப் பயந்த பூனை பெரும்பாலும் தூரம் போகாது. வைக்கோல் போர், பம்புசெட் கொட்டகை, விறகு அடுக்கு என்று ஏதாவது இடுக்கில் புகுந்துகொண்டு, வளர்த்தவர் கூப்பிட்டாலும் மூச்சு விடாது. அதனால் ராத்திரி ஊர் அடங்கியபின் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தேடுங்கள். இருட்டில் அதன் கண் பளிச்சென்று மின்னும். அக்கம்பக்கத்தில் பூட்டிய அறைகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் அதையும் எட்டிப் பாருங்கள்.

எலி மருந்துதான் எனக்குப் பெரிய கவலை. வயலில் வைத்த மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்து. பக்கத்து வயல்காரர் மருந்து வைக்கும் நாட்களில் பூனையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். மற்ற நாளிலும் பொழுது சாயும்போது சோறு வைத்துப் பழக்கினால் தானாக வரும், அப்புறம் கதவைச் சாத்திவிடலாம்.