கம்ப்யூட்டர் லேப்: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பசங்க ஆர்வமா இருக்காங்க சார், பொண்ணுங்கதான் பயப்படுறாங்க." புதிதாகச் சேரும் கம்ப்யூட்டர் ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்வது. நானும் ஒரு காலத்தில் சொன்னதுதான். அப்படித் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் நாம் லேபை நடத்தும் விதம்.

கை தூக்கச் சொல்லி எடை போடுவது

"பைதான் யாருக்குத் தெரியும்?" என்று புரோகிராம் எழுதும் மொழியைப் பற்றிக் கேட்டால் பையன்களின் கைதான் முதலில் எழும். 2013இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஐசிஐஎல்எஸ் ஆய்வில், கம்ப்யூட்டரில் தகவலைத் தேடிக் கையாளும் திறனில் பெரும்பாலான நாடுகளில் மாணவிகளே முன்னால் இருந்தார்கள். புரோகிராம் எழுதுவது போன்ற வேலைகளில் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையில்தான் பையன்கள் முந்தினார்கள். எனவே கையை எண்ணாதீர்கள், செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஓடி வந்தவனுக்கு சிஸ்டம்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மணி அடித்ததும் பையன்கள் செருப்பை உதறிவிட்டு ஓடி, நல்ல சிஸ்டங்களைப் பிடித்துவிடுவார்கள். மாணவிகள் செருப்பை ஒழுங்காக வைத்துவிட்டு வரும்போது மிஞ்சியிருப்பது ஸ்பேஸ்பார் சிக்கிக்கொள்ளும் ஓரத்து சிஸ்டம். அதில் நாலு பேர். ஒருத்தி அடிப்பாள், மற்றவர்கள் அவுட்புட்டை நோட்டில் எழுதுவார்கள். ரெக்கார்ட் நோட்டு அழகாக இருக்கும், நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் குட்டு உடையும். ஒரு மாணவி பேப்பரில் தப்பே இல்லாமல் புரோகிராம் எழுதியிருந்தாள். பைதான் எழுதும் ஐடில் (IDLE) மென்பொருளைத் திறந்ததும் வந்த ஷெல்லிலேயே, அதாவது அடித்ததை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் விண்டோவிலேயே, வரிவரியாக அடிக்க, எர்ரர் மேல் எர்ரர். புது ஃபைல் திறந்து அடித்து, சேமித்து, எஃப்5 அழுத்தி ஓட்ட வேண்டும் என்பது அவள் கைக்குப் பழகவே இல்லை. அவளுடைய ஆசிரியர் சொன்னார்: "பொண்ணுங்க மனப்பாடம்தான் சார்." வருடம் முழுக்க அவளைக் கீபோர்டு பக்கமே விடாதவர் அவர்!

சிஸ்டத்தைப் பெயர் போட்டு ஒதுக்குங்கள். வாராவாரம் மாற்றுங்கள். ரெக்கார்டுக்கு முன், அவரவர் பெயரில் சேமித்த ஃபைலைத் திறந்து பாருங்கள்.

மவுஸைப் பிடுங்குவது

பையன் சந்தேகம் கேட்டால் வாயால் சொல்கிறோம். மாணவி கேட்டால் குனிந்து நாமே முடித்துக் கொடுக்கிறோம். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவுக்கு மாணவிகள், புரொஜெக்டர் மாட்டப் பையன்கள்

வேண்டாம்.

"வீட்டில் போய்ச் செய்து பார்"

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவி பெயருக்கு வந்த லேப்டாப்கூட, எனக்குத் தெரிந்த சில வீடுகளில் அண்ணன் கையில்தான் இருந்தது. மதிய இடைவேளையில் லேபைத் திறந்து வையுங்கள். சாப்பிட்டுவிட்டு வரட்டும்.