வடிவமைப்பு மலிந்த பிறகு எதற்குக் கட்டணம் கேட்பது?

பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், திருமணப் பத்திரிகை அச்சிட வருகிறவர்கள் இப்போது கைப்பேசியிலேயே பத்து மாதிரிகளைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வெளிவந்ததைத் தொடர்ந்து வாசகம் எழுதுவதும் படம் வரைவதும் ஏறத்தாழ இலவசமாகிவிட்டன. வடிவமைப்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போவது இதற்கு வழியாகாது. மலிந்த பொருளை ஒட்டி எது அரிதாகியிருக்கிறது என்று கண்டு, விலையை அங்கே மாற்றி வைக்க வேண்டும்.

1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நடப்பட்ட தென்னமரம் தோட்டம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. குலை எவ்வளவு விளைந்தாலும், வெட்டியபின் ஆலைக்குப் போகத் தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். பழுத்தது எது, காய் எது என்று ஆலை வாசலில் தரம் பிரிப்பவர் சொல்வதே கணக்கு. செயற்கை நுண்ணறிவு தருவதும் வெட்டிப் போட்ட குலைதான்; அதையும் தரம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

முதலில் பழைய பில் ஒன்றை எடுத்து, அந்த வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்: வாசகம், படம், எழுத்துக் கோத்தல், நாள் நேரச் சரிபார்ப்பு, உறவினர் பெயர் வரிசை, அச்சு. வாடிக்கையாளர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை அடித்துவிட்டால், எஞ்சுவதே இனி உங்கள் கடைச் சரக்கு.

எஞ்சுவது சிறிதன்று. படம் வரையும் கருவிகள் பல நேரங்களில் தமிழ் எழுத்தின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடுகின்றன. ஆகவே பின்னணியை மட்டும் அவற்றிடம் வாங்கி, எழுத்தை நீங்களே கோக்க வேண்டும். பஞ்சாங்கம் இன்னும் ஆபத்தானது. தமிழ்நாட்டு நேரத்துக்கு நாம் இரண்டரை மணி முன்னே இருப்பதால், திதி முடியும் நேரத்தோடு அதைக் கூட்டினால் போதும். ராகு காலமோ உள்ளூர்ச் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையான பகலை எட்டாகப் பகுத்துக் கணிப்பது என்பதால், அங்கே அந்தக் கூட்டல் செல்லாது. கருவி கொடுத்த முகூர்த்த நேரத்தை நம்பி அச்சிட்டு, 200 பத்திரிகைகளை என் செலவில் மீண்டும் அச்சிட்டுக் கொடுத்த பிறகே இதை நான் உறுதியாகக் கற்றேன். பெயர் வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: யாருக்கு முன் ‘அமரர்’ சேர்க்க வேண்டும், எந்தப் பெரியப்பா முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் வீட்டாரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அடுத்து, பில்லில் ‘வடிவமைப்பு’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘சரிபார்ப்பும் பொறுப்பும்’ என்று எழுதி, பிழை எங்களுடையதானால் மறு அச்சு இலவசம் என்பதையும் அதன்கீழே சேர்த்துவிடுங்கள். பேரம் பேசுகிறவர்கள்கூட இந்த வரியைப் பார்த்தபின் அதிகம் வாதிடுவதில்லை என்பது என் அனுபவம். பொறுப்பேற்பதாக எழுதிக்கொடுத்த பிறகு, வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணையோ முகவரியையோ இலவசக் கருவிகளில் இடக்கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உண்டு.

சமையல் ஒப்பந்தக்காரருக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் இதே கணக்குப் பொருந்தும், துண்டுகள் மட்டுமே வேறு.

மாதிரித் தாள் தயாரானதும் அதை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். வீட்டின் மூத்தவரைக் கடைக்கு அழைத்து, அவர் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகு, அந்தத் தாளிலேயே கையொப்பம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.